கை தூக்கி வந்தவர்

இன்று காலை பார்க்டேல் லோன்ட்ரியில், ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டு நின்றபோது, சுவரில் இருந்த தொலைக்காட்சியில் ஒரு பிணத்தைக் காட்டினார்கள். தூரத்து நாடொன்றின் ஆட்சியாளர். மாரிக்கோட்டோடு சுவரோரம் கிடந்தார். போன கிழமை வரை அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். இந்தக் கிழமை கவிழ்த்து, பிடித்து, சுட்டுவிட்டார்கள். பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இரண்டு கைகளையும் தட்டினாள். அவளுடைய நாடாக இருக்கவேண்டும். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரிப்புகளை அப்படியே கூடைக்குள் போட்டுவிட்டு உம்மை நினைத்தேன்.

நீர் கண்ணை மூடிப் பத்து மாதம். இருந்திருந்தால் அந்தக் கிழவியிடம் போய் ஒரு கேள்வி கேட்டிருப்பீர். என்ன கேள்வி என்பதும் எனக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குத் தனியே வந்த பெண்கள் நாங்கள் இருவரும். ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளி வாழ்ந்தும் முகம் தெரியாதவர்கள், பார்க்டேலில் பதினோராம் மாடியில் ஓர் அறையைப் பங்கு போட்டோம். நான் ஹோட்டலில் அறை துடைத்தேன். நீர் தையல் தொழிற்சாலைக்குப் போனீர். ஊரில் அச்சகமொன்றில் புரூப் பார்த்தவர் என்பதை முதல் கிழமையிலேயே கண்டுகொண்டேன். யாராவது துண்டுப்பிரசுரம் தந்தால் முதலில் சிவப்புப் பேனையைத்தான் தேடுவீர்.

உம்முடைய அண்ணாவின் கதையையும் அந்த அறையில்தான் கேட்டேன். எங்கள் பட்டினத்தில் அப்போது பொலிசும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஓர் இயக்கத்தின் பொறுப்பாளர் இருந்தார். மாடிவீடொன்றில் முகாம். காணிச் சண்டை, கலியாணச் சண்டை எல்லாம் அவர் முன்னால்தான் தீரும். ராசா என்று பெயர் இல்லாத ராசா. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த உம்முடைய அண்ணா, சங்கத்து லொறியைத் தரமாட்டேன் என்று அவருடைய ஆட்களிடம் சொன்னார். ஒரு பின்னேரம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா நாள் தவறாமல் முகாம் வாசலில் போய் நின்றா. கடைசியில் பொறுப்பாளரே வெளியே வந்து, "உங்கட மகனை அனுப்பியாச்சு அம்மா" என்றாராம்.

நீர் அந்த வசனத்தை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வீர். "அனுப்பியாச்சு. எங்கை எண்டு இல்லை. எப்ப எண்டு இல்லை. ஆர் எண்டும் இல்லை. உதொரு வசனமோ?"

எண்பத்தாறில் கோடை தொடங்குகிற நேரம் அந்தச் செய்தி வந்தது. இன்னொரு இயக்கம் எங்கள் பட்டினத்துக்குள் இறங்கி, முகாமை அடித்து, பொறுப்பாளரைப் பிடித்துச் சுட்டுவிட்டது. லண்டனிலிருந்து வந்த தொலைபேசியில் கேட்டதை எங்கள் கட்டடத்து நாலாம் மாடி அங்கிள் என்னிடம் சொன்னார். லிப்ட் வரும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. படியேறி ஓடினேன். நீர் உடுப்பு மினுக்கிக்கொண்டு நின்றீர்.

"உம்மட அண்ணாவுக்கு நீதி கிடைச்சிட்டுது" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. சந்தோசம்தான். ஒளிக்க மாட்டேன்.

நீர் ஸ்திரிக்கைப்பெட்டியை நிமிர்த்தி வைத்தீர். "சண்டையிலையோ செத்தவர்?"

"இல்லை. வெள்ளைத்துணியோடை கையைத் தூக்கிக்கொண்டு வந்தவராம். பள்ளிக்கூட அறையிலை வைச்சிருந்துபோட்டு, சந்தியிலை கொண்டுவந்து சுட்டவையாம்."

"எத்தினை நாள் வைச்சிருந்தவை?"

"மூண்டு நாள்."

நீர் கட்டிலில் இருந்தீர். பிறகு, என்னைப் பார்க்காமலே, "மூண்டு நாளிலை ஒருத்தராவது அவரிட்டை என்ரை அண்ணா எங்கை எண்டு கேட்டவையோ?" என்றீர்.

அன்றைக்கு நாலாம் மாடியில் லட்டுக் கொடுத்தார்கள். உமக்கும் ஒரு தட்டு வந்தது. நீர் தொடவில்லை.

அடுத்த கிழமையே எழுதத் தொடங்கிவிட்டீர். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம். பிடிபட்ட கைதியைச் சுட்டது எப்படி நடந்தது, யார் கட்டளையிட்டது, அந்த மூன்று நாளில் அவர் என்ன சொன்னார் என்று விசாரித்து வெளியிடவேண்டும். கையெழுத்தில் ஒரு பக்கம். வேலை முடிந்து வந்து ஒரு சொல்லை வெட்டுவீர், மறுநாள் அதையே திரும்ப எழுதுவீர். சங்கத் தலைவர் அண்ணை வீட்டுக்கே வந்து உம்மோடு கதைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர்.

"தங்கச்சி, கொலை எண்டு போடாதையும். சம்பவம் எண்டு போடும்."

"மழை பெய்யிறதும் சம்பவம்தான் அண்ணை."

"நாங்கள் இங்கை இருந்து எழுத, அங்கை ஆரோ அடி வாங்குவினம். அதைத்தான் சொல்லுறன்."

அவர் போன பிறகு "அவர் சொல்லுறதிலை பிழை இல்லை" என்று மட்டும் என்னிடம் சொன்னீர். ஆனாலும் சொல்லை மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். இளம் ஆண் குரல், மிகவும் மரியாதையான குரல். உம்முடைய பெயரைச் சொல்லி, "அவவின்ரை அம்மா இன்னும் ஊரிலைதானே இருக்கிறா?" என்று கேட்டது. நான் "ஓம்" என்றேன். வேறொன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்கள். அந்த "ஓம்" என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். உம்மிடம் சொன்னேன். அன்றிரவு கதவுக்குக் குறுக்கே கதிரையை வைத்தோம்.

இனி நான் எழுதப்போவது உமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முறையாக ஒருதரம் எழுதவேண்டும்.

என் தம்பி அந்த இரண்டாவது இயக்கத்தில் இருந்தான். அது உமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கொழும்புக்குப் போன யாரிடமோ கொடுத்து, அங்கிருந்து தபாலில் போட்டது. பொறுப்பாளரை வைத்திருந்த பள்ளிக்கூட அறைக்கு அந்த மூன்று நாளும் அவன்தான் காவல்.

அவன் எழுதியிருந்தான்: "அக்கா, அவர் கை தூக்கிக்கொண்டுதான் வந்தவர். கூட இன்னும் ரெண்டு பேர். அதிலை ஒருத்தருக்குத் தொய்வு, மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. சுடுதண்ணி வைச்சுக் குடுத்தன். ரெண்டாம் நாள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பி கேட்டவர். தாங்கள் கொண்டுபோன ஆக்களை மண்ணுக்குள்ளை தாட்ட இடமெல்லாம் எழுதித் தாறன் எண்டவர். நான் போய் மேலை சொன்னன். தேவையில்லை எண்டுட்டினம். மூண்டாம் நாள் மூண்டு பேரையும் சுட்டுப்போட்டினம். எனக்கு நித்திரை இல்லை அக்கா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

நான் அதைக் குளியலறைக்குள் நின்று வாசித்தேன். வெளியே நீர் அடுப்பில் ஏதோ கிண்டிக்கொண்டு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம், நீர் தேடிய விடை என் கையில் இருந்தது. அவர் சொல்ல இருந்தார். கேட்க ஆள் இருக்கவில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து உம்மோடு சாப்பிட்டேன்.

கூட்டம் வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், ஞாயிறு பின்னேரம். கதிரைகள் போதாமல் சனம் சுவரோடு நின்றது. நீர் எழுந்து வாசித்தீர்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "எத்தினை பேரைச் சுட்டவன்! நாய்க்கு விசாரணையோ? உம்மட அண்ணாவையும் அவன்தானே முடிச்சவன்? வெக்கமில்லையோ அவனுக்கு வக்காலத்து வாங்க?"

நீர் திரும்பி அவரைப் பார்த்தீர். "நாய் எண்டால் சுட்டுப்போட்டுப் போகலாம் அண்ணை. மனுசன் எண்டபடியால்தான் கேக்கிறன். மனுசனைக் கேட்டால் சொல்லும். எனக்கு அவரைக் குற்றவாளிக் கூட்டிலை ஏத்திக் கேக்க வேண்டியிருந்தது. அதை ஆரோ என்னட்டையிருந்து பறிச்சுப்போட்டினம்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் அண்ணை கேட்டார்: "சரி தங்கச்சி, கை தூக்கி வந்தவர் எண்டதுக்கு ஆர் சாட்சி?"

நீர் மண்டபம் முழுவதையும் ஒருதரம் பார்த்தீர். "ஆருக்காவது ஏதாவது தெரிஞ்சால் சொல்லுங்கோ" என்றீர். உம்முடைய கண் என்னைக் கடந்து போனது. கடிதம் என் சட்டைக்குள் இருந்தது. அறையில் விட்டுவர நம்பிக்கை இல்லாமல் கொண்டுவந்திருந்தேன். அதன் மூலை நெஞ்சில் குத்தியது. நான் எழும்பவில்லை. பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். ஐந்து கைகள். என்னுடையது இல்லை.

பஸ்ஸும் சப்வேயும் மாறி வந்தோம். கடைசியில் ஸ்ரீட்காரில், யன்னலைப் பார்த்துக்கொண்டு, "நீர் கை தூக்கேல்லை" என்றீர்.

"என்ரை தம்பி அங்கை நிக்கிறான்."

"ஓம். எனக்கு அங்கை நிக்க அம்மா மட்டும்தான். அவ சொல்லிப்போட்டா, கேள் எண்டு."

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்தோம். ஏதோ ஒன்றை நான் ஒளிக்கிறேன் என்று உமக்கு விளங்கியிருந்தது. நீர் கேட்கவில்லை. கேள்வி கேட்கவென்றே பிறந்த நீர் என்னைக் கேட்காமல் விட்டது, தொலைபேசிக் குரலை விட எனக்குப் பயமாக இருந்தது.

எண்பத்தேழு முடிகிறபோது என் தம்பி சண்டையில் செத்துப்போனான். நீர் வேலைக்குப் போகாமல் நாலு நாள் என்னோடு இருந்தீர். கஞ்சி வைத்துத் தந்தீர். தலை வாரிவிட்டீர். ஐந்தாம் நாள் நான் கடிதத்தை எடுத்து உம்முடைய கையில் வைத்தேன். காப்பாற்ற இனி ஆள் இல்லை என்ற பிறகுதான் தந்தேன். என் நேர்மையின் அளவு அவ்வளவுதான்.

நீர் புரூப் பார்ப்பவர் போல விரலால் வரிக்கு வரி தொட்டு வாசித்தீர். "கொப்பி கேட்டவர்" என்ற இடத்தில் விரல் நின்றது.

"எப்ப வந்தது?"

"அந்தக் கூட்டத்துக்கு முதல்."

கோட்டைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனீர். நான் யன்னலோடு நின்றேன். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தீர். காலணி கழற்றாமலே, "உம்மட தம்பி நல்ல பிள்ளை. எழுதியிருக்கிறார்" என்றீர். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அதைப் பிரதியெடுத்து, வெளிநாட்டு மனித உரிமை அலுவலகமொன்றுக்கு அனுப்பினோம். என் பெயரில், சாட்சியின் சகோதரி என்று, நானே கையெழுத்து வைத்தேன். கடிதம் கிடைத்தது, நன்றி என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். ஒரு விசாரணையும் நடக்கவில்லை. உம்முடைய அண்ணாவைத் தாட்ட இடம் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் உமக்கு இரத்தத்தில் வருத்தம், சுகப்படாத நோய் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசிக் கிழமையில், என்னைக் கிட்ட வரச்சொன்னீர். "நான் உம்மை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதையும். அதை ஒருக்காச் சொல்லவேணும் எண்டிருந்தனான்." நான் தலையாட்டினேன். "சரி, தண்ணி தாரும்" என்றீர். நான் தந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குடித்தீர்.

போன மாதம் அஜின்கோர்ட்டில் ஒரு கூட்டம். ஊரில் இன்னோர் ஆட்சி சரிகிறது. நேற்றுவரை அதிகாரம் பண்ணியவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கதை. "சுடத்தானே வேணும், வேறை என்ன?" என்றார் ஒருவர். சனம் கைதட்டியது. நான் எழும்பினேன். என் பெயரையும் தம்பியின் பெயரையும் சொன்னேன். அவன் எங்கே காவல் நின்றான், என்ன கண்டான், அந்தக் கடிதத்தை நான் எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். "பிடிச்சவையைக் கேளுங்கோ. கேட்டு எழுதி வையுங்கோ. சுட்டால் எங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாமல் போகும்" என்றேன். உம்மைப் போல வடிவாகப் பேச எனக்கு வரவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை.

வெளியே கோட் கொழுவியிருந்த இடத்தில் ஒரு பெண் என் பின்னால் வந்து நின்றா. வந்து மூன்று மாதமாம். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, அந்தப் பள்ளிக்கூட அறையிலை என்ரை மனுசனும் இருந்தவர். உங்கட தம்பி அவரைப் பற்றி ஏதாவது எழுதினவரோ?"

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தையே எடுத்துக் கொடுத்தேன். சனம் எங்களை இடித்துக்கொண்டு வெளியேறியது. அவ சுவரோடு திரும்பி நின்று, மெதுவாக வாசித்தா. பாதியில் நிறுத்தி, அந்த வரியை இன்னொருதரம் வாசித்தா.

"சுடுதண்ணி குடுத்திருக்கிறார்" என்றா. "அவருக்குத் தொய்வு இழுத்தால் சுடுதண்ணிதான் வேணும். ஆராவது குடுத்திருப்பினமோ எண்டு மூண்டரை வருசமா யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

நாங்கள் இருவரும் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டோம். உம்முடைய கேள்வியில் இன்னொருத்திக்கு ஒரு வரி விடை இருந்திருக்கிறது. மூன்று வருடம் முந்தி, வெக்ஸ்போர்ட்டில், நான் எழும்பியிருந்தால் அவவுக்கு அது அப்போதே போய்ச் சேர்ந்திருக்குமோ என்னவோ. அந்த எண்ணத்தோடுதான் இருக்கிறேன். அதை இறக்கி வைக்க இடம் தேடவில்லை. அவ போகும்போது என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டா. தனக்குத் தெரிந்த இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்களாம், கேட்க வேண்டியது இருக்கிறதாம். எழுதிக் கொடுத்தேன்.