மேல் தாழ்ப்பாள்

அன்புள்ள தங்கைக்கு,

நான் சௌக்கியம். தோள்வலி அப்படியே இருக்கிறது, அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. உனக்கு இரவுப் பணியும் உன் வீட்டுக்காரருக்குப் பகல் பணியுமாக, இருவரும் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாய். வாரத்தில் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இது அக்காவின் உத்தரவு.

நீ ஒப்படைத்த காரியம் முடிந்தது. அறிவியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் வந்து பார்ப்பதற்காகப் பல்கலைக்கழகம் திறந்து வைக்கும் நாளுக்கு உன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். "அக்கா, நீ பார்த்துட்டு சரின்னு சொன்னா கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா உன் வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜ்லயே எதையாவது படிக்கட்டும்" என்று தொலைபேசியில் சொன்னாய் அல்லவா? இது என் தீர்ப்பு. கடைசி வரி வரை படி. பாதியில் போனை எடுக்காதே.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஏன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கல்லூரியில் அவள் ஆசைப்படும் நிலவியல் கிடையாது, கணக்கும் கணினியும்தான். ஆனால் அது எங்கள் தெரு முனையில் இருக்கிறது, பல்கலைக்கழகமோ விடியற்காலைப் பேருந்தில் ஏறினால் வெயில் உச்சிக்கு வரும்போது இறக்கிவிடுகிறது.

குறைக்குப் பஞ்சமே இல்லை. வரவேற்புப் பலகையைச் சாய்த்து மாட்டியிருந்தார்கள். விடுதி அறையின் அலமாரித் தட்டில் விரலை வைத்தேன், விரல் கறுத்தது. ஒரு ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. குளியலறைக் கதவு மூடுகிறது, ஆனால் நினைத்தால் திறந்துகொள்கிறது. எல்லாவற்றையும் விடுதிப் பொறுப்பாளரிடம் வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்காமல், "நீங்க பொண்ணச் சேர்க்க வந்தீங்களா, இல்ல எங்கள வேலையை விட்டுத் தூக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். உன் கூழாங்கல் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. (பதினேழு வயதுப் பெண்ணை இன்னும் அப்படிக் கூப்பிடாதே என்கிறாய். என் வீட்டு ஜன்னல்களையெல்லாம் கல்லால் நிரப்பியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

பிறகு பெரிய அரங்கில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் என் மானம் போனது. முழுக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஒருவர் மேடைப் பக்கத்துக் கதவு வழியே உள்ளே வந்தார். ஆசிரியர் நுழைந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் நம் முட்டியில் ஏற்றி வைத்தது இன்னும் இறங்கவில்லையே, நான் எழுந்துவிட்டேன். நான் உட்கார்ந்திருந்தது முதல் வரிசை. ஏதோ முறை போலிருக்கிறது என்று பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். அரங்கமே எழுந்து நின்றது. அவர் மிரண்டுபோய் இரண்டு கைகளையும் கூப்பி, "ஐயோ, உக்காருங்க, உக்காருங்க. நான் மைக் பார்க்க வந்தவன்" என்றார். ஒரே சிரிப்பு. உன் மகள் தலையைக் குனிந்துகொண்டு, "பெரியம்மா, ப்ளீஸ், இனிமே யாருக்கும் எழுந்திரிக்காதீங்க" என்றாள்.

அடுத்து நிஜமான பேராசிரியர் வந்தபோது ஒருவர்கூட எழவில்லை. நான் மட்டும் எழுந்தேன். மைக்காரருக்குக் கொடுத்த மரியாதையைப் பேராசிரியருக்கு மறுப்பது என்ன நியாயம்? பேராசிரியர் உன்னைவிட இளையவள். காலில் சேறு காய்ந்த பூட்ஸ், புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. என்னைப் பார்த்து நின்று, "எந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்தீங்கம்மா?" என்றாள். நான் எங்கும் பாடம் நடத்தவில்லை, பாடம் கேட்டவள் மட்டுமே என்றேன்.

அதனால்தான் பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் அத்தனை கூட்டத்திலும் எங்களை அடையாளம் கண்டு அருகே அழைத்தாள். கருங்கல்லைத் தாளைவிட மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியின் கீழே வைத்திருந்தார்கள். பார்க்கச் சொன்னாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். நாம் படிக்கட்டாக மிதிக்கிற கருங்கல்தான் தங்கச்சி, அதற்குள்ளே மயில் நீலமும் கிளிப்பச்சையும் ஆரஞ்சும்! தட்டைத் திருப்பத் திருப்ப ஒரு நிறம் அணைந்து இன்னொன்று எரிகிறது. நான் குறை சொல்ல வாய் திறந்தவள், திறந்தபடியே நின்றேன்.

உன் மகள் தன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். எங்கள் தெருவில் சாலை போடக் கொட்டிய ஜல்லியில் பொறுக்கியது. ஒரு ஓரத்தில் பச்சை வரி ஓடும். "மேடம், இந்தப் பச்சை இதுக்குள்ள எப்படி வந்துச்சு?" என்றாள். பேராசிரியர் கல்லை எச்சில் தொட்டுத் துடைத்து (ஆமாம், எச்சில்தான், நானும் பார்த்தேன்), வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சும்மா பார்த்து எனக்குச் சொல்லத் தெரியலம்மா. வெட்டிப் பார்க்கணும். நீ இங்க வந்து சேரு, நீயே வெட்டிப் பாரு" என்றாள்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. உடனே தானே அதை அணைத்துக்கொண்டாள். "இல்ல மேடம், நான் இங்க சேரல. எனக்கு வெளியூர்த் தண்ணி ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டுக் கல்லைப் பைக்குள் போட்டாள்.

வெளியூர்த் தண்ணீராம். வழியில் எந்தக் குழாயைக் கண்டாலும் வாயை வைக்கிற பெண்!

திரும்பி வரும் பேருந்தில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விடாமல் கேட்டேன். விடாமல் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். கடைசியில், "மேல் தாழ்ப்பாளை யாரு போடுவாங்க பெரியம்மா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வாசற்கதவின் மேல் தாழ்ப்பாள் உன் அத்தான் தன் உயரத்துக்கு வைத்தது. அவர் போனபிறகு ஸ்டூல் போட்டு ஏறித்தான் போட்டேன். தோள் முடங்கிய பிறகு அதுவும் முடியவில்லை. அவள் வந்த நாளிலிருந்து தினமும் அவள்தான் போடுகிறாள். அதற்காக ஒரு பெண் தன் படிப்பைத் தாழ்போட்டு மூடுவாளா? எனக்குக் கோபம்தான் வந்தது. நான் யாருடைய சாக்கும் இல்லை என்று சொன்னேன். அவள் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் என் கைப்பையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

தங்கச்சி, ஒன்று சொல்ல வேண்டும். இதை நான் நேரில் சொல்ல மாட்டேன், ஆகவே எழுதுகிறேன். அத்தான் காலமான வருஷம், "இங்கே பள்ளிக்கூடம் சரியில்லை, அவள் உன்னிடம் இருந்து படிக்கட்டும்" என்று எழுதி அவளை அனுப்பினாய். அங்கே இல்லாத எந்தப் பள்ளிக்கூடம் இங்கே இருக்கிறது? எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாதது போல இருந்துகொண்டேன். பெற்ற பெண்ணை இத்தனை நாள் எனக்காகப் பிரிந்திருந்தாய், ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. இந்த வீட்டில் மறுபடியும் இன்னொருவர் இருமும் சத்தம் கேட்டது, குளியலறையில் பாட்டுக் கேட்டது, சாப்பாட்டைக் குறை சொல்ல ஒரு ஆள் இருந்தது. எல்லாம் நீ கொடுத்தது. உனக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? உன் மகளைக் கெடுக்காமல் திருப்பிக் கொடுப்பதுதான்.

ஆகவே தீர்ப்பு: சேர்த்துவிடு. அலமாரித் தூசியை அவள் துடைத்துக்கொள்வாள், துடைக்கப் பழக்கியிருக்கிறேன். குளியலறைக் கதவைப் பற்றி அந்தப் பொறுப்பாளருக்குத் தனிக் கடிதம் போட்டுவிட்டேன். கையெழுத்தைத் தாமதிக்காதே.

நேற்றுக் காலை தச்சரை வரவழைத்தேன். என் மார்பு உயரத்தில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று அடித்துக் கொடுத்தார். ஒற்றைக் கையால் போட்டுக் காட்டினேன். உன் மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வலிக்கிற தோள்தான், ஆனாலும் நகர்த்தவில்லை.

அந்தப் பச்சை வரிக் கல்லை மட்டும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். மற்றவை ஜன்னலில் இருக்கட்டும். எனக்கும் தூசி தட்ட ஏதாவது வேண்டும்.

தச்சர் போகும்போது, மேலே இருக்கிற பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விடுமுறைக்கு வருகிறவள் போட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் மூவரும் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா