இறங்காத எடை

14 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

புதிதாக வாங்கிய பழைய மோட்டார் படகு எந்த வேகத்தில் குறைவாக பெட்ரோல் குடிக்கும் என்று இன்று ஆற்றில் சோதித்தோம், நானும் மனைவியின் தம்பி சூசையும். பாலத்திலிருந்து மீன் ஜெட்டி வரை போய்த் திரும்புவது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் போத்தலில் அளந்து ஊற்றினோம். அரை வேகத்துக்குச் சற்று மேலே ஒரு போத்தல்தான் செலவு. அறிவியலை மெச்சிக்கொண்டோம்.

மாலையில் சூசை இறங்கினான். அவன் தொண்ணூறு கிலோ. படகு ஒரு விரல்கூட மேலே எழவில்லை. அதே வேகத்தில் தனியாக ஒரு சுற்று போனேன். அதே ஒரு போத்தல். ஆளில்லாத முன்பலகைப் பக்கம் அமிழ்ந்தே வந்தது.

"முன்ன இத வச்சிருந்தவரு எங்கடா?"

"படகு மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு மச்சான். சொன்னா வாங்க மாட்டீங்கல்ல."

நாளை மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் முகத்துவாரம் வரை கூட்டிப்போவதாக வாக்கு. படகில் நான்கு பேருக்குத்தான் இடம். எங்களில் ஒருவரைக் கரையில் நிறுத்த வேண்டும். என்ன காரணம் சொல்வதென்றுதான் தெரியவில்லை.