என் மூச்சில் ஓடிய லாரி

மார்ச் 4, திங்கள்

பதின்மூன்று டிரைவர்கள், பதின்மூன்று பூஜ்யம். லாரி ஷெட் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவன் வாய்க்கு நேராகக் கருவியை நீட்டி "ஊது" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். குடித்திருந்தால் சிவப்பு எரியும். கருவி துப்புகிற சீட்டில் அளவும் நேரமும் இருக்கும். அதில் பெயர் எழுதி நோட்டில் ஒட்டிய பிறகுதான் சாவி. எல்லாருக்கும் முன்னால், கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நானே ஒருமுறை ஊத வேண்டும். அந்தச் சீட்டு குப்பைக்கூடைக்கு.

"தினமும் மொத ஆளா ஊதறியேம்மா, நீ எந்த லாரி ஓட்டற?" என்று மீசைக்காரர் இன்றும் கேட்டார்.

"உங்க மேல ஏத்தப்போற லாரி" என்றேன்.

இங்கேயே டிப்பர் ஓட்டுகிற என் தம்பி, எடைமேடைக்காரனின் பல்லை உடைத்துவிட்டான். வரிசையில் பின்னால் நின்ற லாரியை முந்தவிட்டானாம். அதற்கு ஒரு பல்லா? "கைய அடக்குடா" என்றேன். "அவன் வாய அடக்கச் சொல்லு" என்கிறான். சின்ன வயதில் அப்பா பெல்ட்டை உருவினால் நான்தான் குறுக்கே விழுந்து வாங்கிக்கொள்வேன். வாங்கி வாங்கியே இவனைக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

தம்பி மனைவி வந்திருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். சுளுக்காம். இழுத்துப் பார்த்தேன். காது வரைக்கும் நீலம்.

"சுளுக்குல அஞ்சு விரலும் தெரியுமாடி?"

"என்னைக் கேக்கறத உங்க தம்பியக் கேளுங்க, அண்ணி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தம்பி மறுபடி குடிக்கிறானோ என்று சாயங்காலம் பயம் வந்துவிட்டது. போன வருடம் ரோட்டில் மாட்டி அபராதம் கட்டினான், ஆறு மாதம் லைசன்ஸ் முடக்கம். மேசைக்குப் பின்னால் சுவரில் சட்டத் தாளை ஒட்டியதே நான்தான். ஒருமுறை மாட்டியவனுக்கு ஷெட் வாசலில் சிவப்பு எரிந்தாலும் லைசன்ஸ் நிரந்தர ரத்து. நானே அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். குடித்து ஓட்டி உயிர் போனால் பத்து வருடம் வரை ஜெயில். வெறும் கவனக்குறைவு என்றால் இரண்டு வருடத்தோடு போகும்.

மார்ச் 14, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

விடிகாலையில் நான் வழக்கம்போல ஊதினேன். சீட்டில் 5.08. தம்பி வந்து சேர்ந்தபோது ஆறு ஆகப் பத்து நிமிடம், மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். வாயைத் திறக்கும் முன்பே நாற்றம். கருவியை நீட்டினேன், தட்டிவிட்டான். "செவப்பு எரிஞ்சா என் பொழப்பு போச்சுக்கா. ரெண்டே நடை. அடிச்சுட்டு வந்து படுத்துக்கறேன்."

பளார் என்று அறைந்தேன். அறைந்த கையாலேயே குப்பைக்கூடையில் கிடந்த என் சீட்டை எடுத்து, அதில் அவன் பெயரை எழுதி, நோட்டில் ஒட்டி, சாவியை அவன் மூஞ்சியில் வீசினேன். அறைந்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேனா? ஆமாம். அப்படித்தான் நினைத்தேன்.

ஏழேகாலுக்கு, ஜல்லி ஏற்றிய டிப்பர் நடைபாதையில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு நர்ஸ். ஷெட்டிலிருந்து ஓடினேன். ஒரு செருப்பு சக்கரத்துக்கு முன்னால் கிடந்தது, இன்னொன்று பின்னால். நடுவில் இருந்ததை எழுத மாட்டேன்.

தம்பியைக் கதவு வழியாக இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் செங்கல். தாடை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே விழுந்தேன். என் விலாவில் இரண்டு உதை. யோசிக்கவே இல்லை — பழக்கம்.

மார்ச் 15, வெள்ளி

எனக்கு விலாவில் விரிசல். அவனுக்குத் தாடையில் கம்பி. அவளுக்கு இன்று அடக்கம்.

மார்ச் 19, செவ்வாய்

தம்பியின் வக்கீலும் ஷெட் மேனேஜரும் என்னை உட்காரவைத்துப் பேசினார்கள். அவனுக்கு ஆபரேஷன் முடிந்து, பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றிய பிறகு, சாயங்காலம்தான் ரத்தம் எடுத்தார்களாம். "அதுல ஒண்ணும் நிக்காது. வாசல் சீட்டு பூஜ்யம். அதான் நம்ம உயிர்" என்றார் வக்கீல்.

ஒரே இடறல். சீட்டில் 5.08. வாசல் பதிவேட்டில் அவன் வந்த நேரம் 5.50. இரண்டையும் எழுதியது நானே! பொய்யை ஒரு நோட்டில் ஒட்டிவிட்டு, கையோடு அடுத்த நோட்டில் உண்மையை எழுதியிருக்கிறேன். பதினோரு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது.

"பதிவேட்டுல கை தவறி எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. உன் கூடப்பிறந்தவன்" என்றார் மேனேஜர். தலையாட்டினேன்.

மார்ச் 23, சனி

நர்ஸின் புருஷன் வந்தான். வெல்டர். கையில் இரும்புக் கம்பி. முதல் அடி ஜன்னலுக்கு, இரண்டாவது மேசைக்கு. கருவி தெறித்து மூலையில் விழுந்தது. என் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கினான். சட்டத் தாள் என் தலைக்குப் பின்னால் கிழிந்தது.

டிரைவர்கள் பாய்ந்தார்கள். நாலு பேர், ஐந்து பேர். உதடு கிழிந்து பல் தெரிகிற வரை அடித்தார்கள். "விடுங்கடா! விடுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். "அவன் ஊதினத நீங்க பாத்தீங்களா? ஒரே வார்த்தை."

"பாத்தேன்" என்றேன்.

நம்பிவிட்டான். பாவி மனுஷன், நம்பிட்டான்! எழுந்து, மூலையில் கிடந்த கருவியை எடுத்துத் தன் சட்டையில் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். கருவியில் அவன் ரத்தம் கொஞ்சம் இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

லீவு நாளிலும் ஷெட்டுக்குப் போய்க் கருவியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தம்பி ஜாமீனில் வந்து ஐந்து நாள் ஆகிறது. பார்க்கப் போனேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சியை உறிஞ்சுகுழலில்தான் குடிக்க வேண்டும். டம்ளரை முகர்ந்தேன். கஞ்சி இல்லை.

ஒரு பொம்பளைய நசுக்கிட்டு வந்து, குழல் போட்டுக் குடிக்கிறான்!

"போலீஸ்ல சொல்லப் போறேன். அந்தச் சீட்டு என்னுது, மூச்சு என்னுதுன்னு" என்றேன்.

"நீயும் உள்ள போவ" என்றான் பல்லிடுக்கில்.

"போறேன்."

கட்டிலுக்கடியில் ஜாக்கிக் கம்பி வைத்திருந்திருக்கிறான். தலைக்குத்தான் ஓங்கினான். கையை நீட்டினேன், முழங்கைக்குக் கீழே காய்ந்த சுள்ளி போல முறிந்தது. இன்னொரு கையில் அகப்பட்டது இரும்புச் சட்டி. அவன் தோளில் இறக்கினேன், மறுபடி இறக்கினேன். அப்பாவுக்கும் சேர்த்து அடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. விழுந்தான்.

திரும்பினால் தம்பி மனைவி ஜாக்கிக் கம்பியை இரண்டு கையாலும் அவன் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் பயம். "வேணாம்டி. அதுக்கு வேற சட்டம், வேற தாளு" என்றேன். கீழே போட்டாள். கதவை வெளியில் பூட்டிவிட்டு இருவரும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான்.

ஏப்ரல் 3, புதன்

நேற்றும் இன்றும் இடது கை எழுத்து. கோணல்தான். இரண்டு நோட்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அவனுக்கு எட்டு வருடம். இந்த ஜென்மத்தில் லைசன்ஸ் இல்லை. பொய்ப் பதிவுக்கு எனக்குப் பதினாலு மாதம். நீதிபதி வாசிக்கும்போது தம்பி என் மேல் துப்பினான். இத்தனை பேருக்கு நடுவில் சரியாக என் கன்னத்தில் விழுந்தது. துடைக்க வலது கை முழுசாக மடங்கவில்லை.

வெல்டர் கடைசி பெஞ்சில் இருந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டான். நியாயம்தானே. "பாத்தேன்" என்று சொன்ன அதே வாய்.

நவம்பர் 11, திங்கள்

தம்பி மனைவி ஜெயிலுக்கு என்னைப் பார்க்க வந்தாள். கழுத்தில் துணி இல்லை.

இன்றிலிருந்து எனக்கு வெளிவேலை, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில். திரும்பி வரும்போது ஜெயில் வாசலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். மேசை, நோட்டு, அதே கருவி. வார்டரம்மா என் முகத்துக்கு நேராக நீட்டி, "ம், ஊது" என்றாள்.

ஊதினேன். பூஜ்யம். என் பெயரைக் கேட்டு, சீட்டில் எழுதி, நோட்டில் ஒட்டினாள்.