வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் உன் கம்ப்யூட்டரும்

மச்சான்,

நேற்று பெருங்களத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை. சம்பந்தியம்மா சாம்பிராணிக் கரண்டியோடு ஒவ்வொரு அறையாக வந்தார். அந்த வாசனை வந்ததுமே நான் எழுந்துபோய் மேசையில் இருந்த கம்ப்யூட்டரின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். "எதுக்குப்பா?" என்றாள் மகள். தூசி என்று சொல்லிவிட்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் நெல் வயல் மூன்று கடைகளாக மாறியபோது நடுக்கடையை உனக்குத்தான் கொடுத்தேன். மீன்காரர் வீட்டுப் பிள்ளை டைப்பிங் கடை வைக்கிறான் என்று ஊரே சிரித்தது. தாம்பரம் வட்டாரத்துக்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது நாம் இரண்டு பேர்தான் என்று இன்றைக்கும் சொல்லிவருகிறேன். மறுக்க இப்போது நீயும் இல்லை.

இரண்டாயிரத்து நாலோ அஞ்சோ, மார்ச் மாதம். கல்லூரிப் பிள்ளைகள் பிராஜக்ட் ரிப்போர்ட் அடிக்க வரும் சீசன். அந்த ஒரு மாதம்தான் உன் கடைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடும். அந்த நேரம் பார்த்து உன் மிஷின் இழுக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எதிரில் புதுக்கடை வேறு. ஒரே நாளில் நாற்பது பிள்ளைகளாவது ரோட்டைத் தாண்டி அங்கே போனார்கள். இந்த சீசன் போனால் கடையைப் பூட்டிவிட்டு அண்ணனோடு மீன் வண்டி ஏற வேண்டியதுதான் என்றாய்.

நான் சும்மா இருப்பேனா? ஒன்பதாவதோடு நின்றவன்தான், ஆனால் என்னைக் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் ஒரு மிக்ஸி வாங்கியதில்லை. மெமரிக்கு இன்னொரு ராம் போடு, இல்லாவிட்டால் புதுசே வாங்கு, ரிச்சி தெருவில் எனக்குத் தெரியாத கடை கிடையாது, வண்டியை எடுக்கிறேன் என்றேன்.

"இன்னா நோவுன்னு பார்க்காம மருந்து வாங்கிக்கினு வருவியா? குந்து."

அன்று காலை முழுக்க ஒரு பேப்பரில் குறித்துக்கொண்டே இருந்தாய். மெமரியைப் பார்த்தாய், பாதிகூடச் செலவாகவில்லை. டிஸ்கில் இடம் கிடந்தது. வைரஸ் தேடினாய், இல்லை. ராம் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து தூங்கியிருக்கும். பேப்பர்தான் காட்டிக்கொடுத்தது. போட்டதும் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் படுக்கிறது. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. சூடு என்றாய்.

பக்கத் தகட்டைக் கழற்றினாய். உள்ளே ஃபேனே தெரியவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

மூன்று கடைக்கும் வெள்ளிதோறும் நானே சாம்பிராணி காட்டுவேன். உன் மிஷின் பக்கத்தில் மட்டும் கூடுதல் நேரம் நிற்பேன். புகையை அது அப்படியே உள்ளே இழுக்கும். சாமி ஏற்றுக்கொள்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு பிடி போடுவேன்.

"நீ காட்டினது எதுவும் சாமிகிட்ட போய்ச் சேரல மச்சான். எல்லாத்தையும் இதுவே வாங்கி வெச்சிக்கினு கீது."

ஷேவிங் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாய். மத்தியானத்திலிருந்து நிற்காமல் ஓடியது. சீசன் தப்பித்தது, கடையும் தப்பித்தது. மறுநாள் ஒரு மாணவி என்ன கோளாறு என்று கேட்டாள். ஃபேன் கோளாறு, நான்தான் கண்டுபிடித்தேன் என்று முந்திக்கொண்டேன். நீ பிரின்ட் எடுத்துக்கொண்டே, "ஆமாம்மா, இந்த அண்ணன்தான் பார்த்தாரு" என்று என்னைக் காட்டினாய். சாம்பிராணியைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மட்டும், நான் கரண்டியோடு வருவதைப் பார்த்து வாசலுக்கே வந்து புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

இந்தக் கதையை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்றுவது நான்தான். உன் காரியத்தன்று உன் அண்ணனிடமும் அப்படியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெரியும். தம்பியும் எங்ககிட்ட அப்படித்தான் சொல்லிக்கீறான்."

உன் வீட்டு ஆட்களிடம்கூடவா மச்சான்? இந்தப் பொய்யை நான் ஒருத்தனாகத்தான் தூக்கித் திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் மறுபக்கத்தை நீ பிடித்திருந்திருக்கிறாய். அன்றைக்கு அப்புறம் அது கனக்கிறது.