கினியோனெஸ் இங்கே இல்லை

குவானிக்கா
ஆகஸ்ட், 2020

என் மகள் மிக்தாலியாவுக்கு,

நீ ஆசி கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறேன், கடவுள் உன்னையும் உன் புருஷனையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் கைக்குள்ளே வைத்துக் காப்பாற்றட்டும். இங்கே எனக்கும் உன் தம்பிக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, என் முழங்கால் மட்டும் எப்போதும் போல. போனில் பேசாமல் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டுப் போன் இப்போது நமக்குச் சொந்தமில்லை மகளே, அது அரசாங்கத்துக்காகக் காத்திருக்கிறது. உன் தம்பி பெர்தோவின் கைப்போனைப் பணம் கட்டாததால் நிறுத்திவிட்டார்கள், அரசாங்கப் பணத்துக்குப் போட்ட விண்ணப்பத்தில் வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருக்கிறான். யாராவது இரண்டு நிமிஷம் பேசினால்கூட அந்த நேரம் பார்த்து அவர்கள் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கோழி அடைகாப்பது போல உட்கார்ந்திருக்கிறான். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது நான் இரண்டு வார்த்தையில் வைத்தது அதனால்தான், கோபத்தில் இல்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் வேறு, கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனாயே அது, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உன் தம்பி கதையை முழுசாகச் சொல்கிறேன், அவன் உன்னிடம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான். ஜனவரியில் பூமி ஆடியபோது அவன் சமைக்கிற கடற்கரை ஓட்டலின் அடுக்களைச் சுவர் பிளந்தது, அப்போதுகூட வேலை போகவில்லை, முதலாளி சுவரைச் சரிபண்ணி வெள்ளையடித்து மார்ச்சில் திறக்கிறோம் என்றார். மார்ச்சில் இந்த நோய் வந்தது, ஓட்டலை மூடிவிட்டுச் சாவியோடு மயாமிக்குப் போய்விட்டார். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் அவசரப் பணம் கொடுக்கிறது என்றார்கள், உன் பழைய கம்ப்யூட்டரில் பெர்தோ விண்ணப்பம் போட்டான். அன்றிலிருந்து அதில் பரிசீலனையில் என்ற ஒரே வார்த்தைதான். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது, ஆனால் அந்த வார்த்தையை இப்போது தூரத்திலிருந்தே படித்துவிடுவேன். கூப்பிட்டால் ஒரு பாட்டுப் போடுவார்கள், பாதிப் பாட்டில் தொடர்பு அறுந்துபோகும், பீன்ஸ் கிளறும்போது என் வாயே அந்தப் பாட்டை முணுமுணுக்கிறது. பேஸ்பால் மைதானத்தில் அதிகாரிகள் வண்டியிலேயே வரிசை நிற்க வைத்து ஆட்களைப் பார்த்தபோது இவன் இரவல் வண்டியில் இருட்டோடு போய் நின்றான். முன் வண்டிக்காரி திரும்பிப் பார்த்து, தம்பி, பின்னாடி இடம் இருக்கா, என் மாமியாரையும் கூட்டிட்டு வந்து நிக்க வச்சிடறேன், நம்ம முறை வர்றதுக்குள்ள அவ மேல போற முறை வந்துடும் என்றாளாம். அதைச் சொல்லிச் சிரித்தான், அவன் சிரித்ததை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. சாயங்காலம் அவன் முறை வந்தபோது ஒரு பெண் தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு, எல்லாம் சரியா இருக்கு, வீட்லயே இருங்க, கூப்பிடுவாங்க என்றாளாம். வீட்டில்தான் இருக்கிறோம், வேறு எங்கே போவது.

ஆனால் போகிற பேச்சும் வந்துவிட்டது. அவனுடைய சிநேகிதன் ஒருவன் பென்சில்வேனியாவில் கோழி வெட்டுகிற ஆலையில் இருக்கிறான், அங்கே ஆள் எடுக்கிறார்களாம், டிக்கெட்டையும் அவனே எடுத்துத் தருகிறானாம். மாசக் கடைசிக்குள்ள பணம் வரலைன்னா நான் கெளம்பறேன்மா என்று பெர்தோ சொன்னான். நீ போனாய், உன் அப்பா போனார், இவனும் போனால் இந்த வீட்டில் நானும் சுவரில் இருக்கிற விரிசலும்தான். அதை அவனிடம் சொல்லக்கூடாது என்று தெரிகிறது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இப்போது நடந்ததைக் கேள். ஒரு நாள் காலை பெர்தோ கூரைமேல் ஏறி நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான், நான் வாழைக்காய்த் தோலை உரித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கறை. போன் அடித்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், நம் பாஷையை யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படிக்கிறவள் போலப் பேசினாள், சென்யோர் கினியோனெஸ் இருக்காரா என்று கேட்டாள். நீயே சொல், நம் வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டால் யாரை நினைப்போம். உன் தம்பி குடும்பப் பெயரால் லூகோ, உன் அப்பா லூகோவுக்குப் பிறந்தவன் லூகோ. கினியோனெஸ் என்பது என் அப்பா வீட்டுப் பெயர், பெற்றவளுக்கு மரியாதையாக உங்கள் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பது. சென்யோர் கினியோனெஸ் என்று ஒரு ஆம்பளையைக் கேட்டால் அது உன் தாய்மாமன் தோரிபியோ ஒருவன்தான்.

அவனை நான் ஏன் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை என்று உனக்குத் தெரியும், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன், நான் மறக்கவில்லை. புயல் எல்லாக் கம்பத்தையும் சாய்த்த வருஷம், உன் அப்பாவின் இன்சுலின் கெடாமல் இருக்க அவனுடைய ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தான், வைத்த கையாலேயே மூன்றாவது வாரம் எடுத்துக்கொண்டும் போனான். கடைல ஃபிரிட்ஜ் ஓடணும்க்கா, பீர் கேக்கறாங்க, நீ ஐஸ் வாங்கி வச்சுக்கோ என்றான். ஐஸ் எங்கே கிடைத்தது. மின்சாரம் வருவதற்குள் உன் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவன் கல்லறை வாசலோடு திரும்பினான், காப்பிகூடக் குடிக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அன்று அவன் போட்டிருந்த சட்டைக்கு ஒரு பொத்தான் இல்லை, அதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நீயே தெரிந்துகொள்வாய். கடைக்கு வாங்கின சரக்குக்குப் பாக்கி வைத்திருப்பான், அதற்குத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். கினியோனெஸ் இங்க இல்லம்மா, அந்த ஆளுக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, அவன் குடுக்க வேண்டியத அவன்கிட்டயே போய்க் கேளுங்க என்றேன். கேட்பதற்கு வசதியாக அவன் கடை எண்ணையும் கொடுத்தேன். மூன்று வருஷமாக நான் சுழற்றாத எண், ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னேன். அவள் நன்றி சொன்னாள். வைத்த பிறகு எனக்கு மனசு குளிர்ந்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பெர்தோ ஏணியிலிருந்து இறங்கி வந்து யாரும்மா போன்ல என்றான். உன் மாமனைத் தேடறாங்க, நல்லா மாட்டிக்கிட்டான் என்றேன். என்ன கேட்டாங்க, சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு என்றான். சொன்னேன். அவன் ஏணியின் கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அம்மா, அது நான்தாம்மா என்றான். நீ எப்படிடா கினியோனெஸ் என்றேன். அவங்க இங்கிலீஷ் ஊர்ல கடைசியா என்ன எழுதியிருக்கோ அதுதான் குடும்பப் பேரு, எரிபெர்தோ லூகோ கினியோனெஸ்னு எழுதினா அவங்களுக்கு நான் கினியோனெஸ்தான், லூகோன்னு ஒருத்தன் அங்க இல்லவே இல்ல என்றான். சத்தம் போடவில்லை மிக்தாலியா, போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அப்பன் பெயரை வெட்டிவிட்டு மாமன் பெயரில் ஒருவனைக் கூப்பிடுகிறவர்கள் மேல்தான் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்வேன், ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும், போனில் பாட்டுத்தான் இருக்கிறது. அன்று முழுக்க அவன் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தான், அதே பாட்டு. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் தோரிபியோ கடைக்குப் போனான், அங்க எதுக்குடா போற என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

திரும்பி வந்தபோது நான் சோறு வடித்து இறக்கியிருந்தேன். சாப்பிட உட்காராமல் நின்றபடியே சொன்னான். அந்தப் பெண் அங்கே கூப்பிட்டு முழுப் பெயரையும் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்று அரசாங்கம் விசாரிக்கிறது, நல்ல வார்த்தை சொன்னால் பணம் வரும் என்று தோரிபியோ நினைத்துவிட்டான். எரிபெர்தோவா, அவன் என் அக்கா மகன், தங்கமான பையன், அவனைச் சோம்பேறின்னு எவனாவது எழுதிக் குடுத்திருந்தா அது பச்சப் பொய், ஒரு நாள் சும்மா உக்கார மாட்டான், பூமி ஆடி விழுந்த என் கடைச் சுவரை முழுசா எடுத்துக் கட்டினவனே அவன்தான், வாரத்துல பாதி நாள் இங்கதான் வேலை செய்யறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறான். அவள் வேலை செய்கிறான் என்று எழுதிக்கொண்டாள். மறுநாள் பரிசீலனையில் என்று இருந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்று வந்தது. எங்கள் வீட்டில் ஒருவன் அவமானப்படுத்தி அழித்திருந்தால் எனக்குப் பழக்கம், புகழ்ந்து அழித்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

அன்று அவன் சொல்லி முடித்ததுமே நான் கேட்டேன், நீ எப்படா அவன் சுவரைக் கட்டினே, போன் பக்கத்துலதானே இருந்தே என்று. நீ மாதா கோயிலுக்குப் போற நாள்லயும் மருந்துக்குப் போற நாள்லயும் போவேன்மா, அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பொண்ண போன்கிட்ட உக்கார வச்சிட்டுப் போவேன் என்றான். காசு குடுத்தானா என்றேன். காசு குடுக்கல என்றான், பிறகு என் கையில் இருந்த சட்டியைப் பார்த்தான். அரிசி என்றான். எண்ணெய், டின் மீன், காப்பித்தூள். கோயிலில் கொடுக்கிறார்கள் என்று அவன் சொன்னதெல்லாம் தோரிபியோ கடையிலிருந்து வந்தது. ஏப்ரலிலிருந்து நான் யார் அரிசியைத் தின்றுகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சட்டியைக் கீழே வைத்தேன். கொட்டலாம் என்று நினைத்தேன், கொட்டவில்லை, வேறு சோறு கிடையாது.

கூலி எதுவும் கொடுக்கவில்லை என்று கடைக்காரர் கைப்பட எழுதி அனுப்ப வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று தகவல் வந்தது. பெர்தோ போய்க் கேட்டதற்கு உன் மாமன், எங்க அக்கா வீட்டுக்கு நான் குடுத்தனுப்பற அரிசி கூலியாடா, எழுதித் தரேன், ஆனா அவளையே ஒரு தடவை எனக்குப் போன் பண்ணிக் கேக்கச் சொல்லு என்றானாம். பெர்தோ என்னிடம் கேட்கவில்லை. அவன் சொன்னத சொன்னேன், நீ பண்ணணும்னு நான் சொல்லலம்மா, அப்பா போனத நானும்தான் பாத்தேன் என்றான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து உன் பழைய பெட்டியை இழுத்துத் தூசி தட்டினான். நான் உன் அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றேன், அவர் எதிலும் தலையிடாத மனுஷன், படத்திலும் அப்படியே.

கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். நான் என் பேரைச் சொல்வதற்குள், மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டான், ஆசி, ஞானத்தாயே என்றான். அவனுக்கு நான் அக்கா மட்டுமில்லையே, எங்கள் அம்மாவுக்கு உடம்பு முடியாத நேரம் பிறந்தவன், ஞானஸ்நானத் தொட்டியில் அவனைப் பிடித்தவள் நான்தான். ஆசி கேட்டவனுக்குக் கொடுக்காமல் இருக்கிற வாய் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது, நான் யோசிப்பதற்குள்ளே கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று என் வாய் சொல்லிவிட்டது. அவன் கடையில் அந்த ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தத் தாளை எழுதிக் குடு என்றேன். எழுதறேன்க்கா என்றான். வைக்கப்போகும்போது, அக்கா, அன்னிக்கு நான் என்று ஆரம்பித்தான், தாளை எழுது என்று சொல்லி வைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாருக்கும் எழுதிவிடாதே. ஆசி வேறு, அது வேறு, பாதிரியார் என்ன சொன்னாலும் சரி.

தாள் வந்தது. கூலி கொடுக்கவில்லை, கொடுத்தது அக்காவுக்கு அரிசி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான், அரிசியை எதுக்கு மாமா எழுதினீங்க என்று பெர்தோ தலையில் கைவைத்துக்கொண்டான். உண்மையத்தானேடா எழுதச் சொன்னாங்க என்றானாம். மறுபடி எழுத வைத்து அனுப்பியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் திரும்பவும் பரிசீலனையில் என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்து நானும் உன் தம்பியும் சந்தோஷப்பட்டோம், எங்கள் நிலைமை இப்படி ஆகிவிட்டது.

பெட்டி வாசல் பக்கத்தில் இருக்கிறது, அவன் துணி வைக்கவும் இல்லை, கட்டிலுக்கு அடியில் திருப்பித் தள்ளவும் இல்லை. நீ பணம் அனுப்பாதே, ஓட்டல் சலவையில் உனக்கும் பாதி நேரம்தான் வேலை என்று எனக்குத் தெரியும். அவன் ஒருவேளை கிளம்பினால் உன்னிடம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறேன், ஒரு கனமான கோட்டு வாங்கி வை, அவனுக்குக் குளிர் ஆகாது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கடைக்காரியிடம் கதை பேசாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு நம் பாஷையில் பேசு.

அவன் வெளியே போகும்போது போன் பக்கத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். யார் பெயரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. லூகோவா, இருக்கிறார். கினியோனெஸா, இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்கிறேன். நேற்று ஒருவர் காது கேட்கிற கருவி விற்பதற்காகக் கூப்பிட்டார், பழைய பட்டியல் எதிலோ பெயர் இருந்திருக்கும், உன் அப்பாவைக் கேட்டார். ஆமாம் இருக்கிறார் என்றேன், கொஞ்சம் இருங்கள் என்றேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார்.

கடவுளும் கன்னி மாதாவும் உங்கள் நாலு பேரையும் விட்டு விலகாமல் இருக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் மறந்தும் கூப்பிடாதே, அந்த நேரம் அவர்களுடையது.

உன் அம்மா,
புரோவிதென்சியா கினியோனெஸ் மாத்தோஸ், லூகோவின் மனைவி
(எல்லாப் பெயரையும் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் விடவில்லை)