தலைவர் மட்டும் பேசலாம்

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதினால் "நான் இல்லாமல் நலமா?" என்பாய். நலமில்லை என்று எழுதினால் "நாடகம்" என்பாய். ஆகவே, இருக்கிறேன்.

போனில் பேசினால் நான் குறுக்கே குறுக்கே விழுகிறேன் என்று, இனிமேல் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டு ஏழு மாதம் ஆகிறது. சட்டத்தை மதித்து எழுதுகிறேன். ஒரு பெரிய செய்தி. எங்கள் ரக்பி அணி வெளிநாடு போகிறது! சிரிக்காதே. மார்ச் 21, 22, சனி ஞாயிறு இரண்டே நாள். எங்களோடு மோத ஒரு ஊர் சம்மதித்திருக்கிறது. எந்த ஊர் தெரியுமா? நீ இருக்கிற ஊர்.

இதில் என் கை எதுவும் இல்லை. எங்கள் தலைவர் பல் டாக்டர் மூன்று ஊர் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். நான் என் கையைத்தான் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் கையும் சேர்ந்து எழும்பியதற்கு நான் என்ன செய்வேன்?

பதினெட்டுப் பேர் போகிறோம், பஸ்ஸில் பதினொரு மணி நேரம். எங்கள் சராசரி வயது நாற்பத்திரண்டு. முழங்கால்களுக்கு அதைவிட அதிகம்.

நீ மைதானத்துக்கு வர வேண்டாம். பதினொரு வருஷம் கோட்டோரம் நாற்காலி போட்டுத் தண்ணீர் பாட்டில் காத்தது போதும். ஆட்டம் முடிந்ததும் ஐந்து மணிக்குப் பக்கத்தில் ஏதாவது டீக்கடையில் அரை மணி நேரம் கொடு. உன் ஒரு வருஷ வேலை முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. உன்னைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், அதைத்தான் பேச வருகிறேன். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று ஆறு வருஷம் என் மானத்தை வாங்கினாயே, அது இப்போது ஓடுகிறது. உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன மனைவியிடம் இப்படிக் கெஞ்சுகிற கணவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

இன்னும் உன்,
வீட்டுக்காரன்


மார்ச் 8, ஞாயிறு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் ஓடுவதில் சந்தோஷம். ஆறு வருஷத்தில் அதுவாவது அசைந்ததே.

"சொல்லாமல் கொள்ளாமல்" என்று என் அக்காவிடம் சொன்னீர்கள், எதிர்வீட்டில் சொன்னீர்கள், இப்போது என்னிடமே எழுதுகிறீர்கள். நல்ல தைரியம்தான். நான் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை நீங்கள் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் தடவை பல் டாக்டரோடு போனில் இருந்தீர்கள். மூன்றாம் தடவை வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். "ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைச்சிருக்கு, வெளிநாடு, ஒரு வருஷம்" என்றேன். தலையைத் தூக்காமலே, "சரி சரி, போயிட்டு வா, வரும்போது பிரெட் வாங்கிட்டு வந்துடு" என்றீர்கள்.

ஒரு வருஷம் கழித்து வாங்கிவரும் பிரெட்டை என்ன செய்வதாக உத்தேசம்?

இந்த இரண்டாம் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். இங்கே என்னை இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். மார்ச் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இன்னும் முடிவு செய்யவில்லை. உங்களுக்கு இதில் என்ன தோன்றுகிறது என்று தெரிந்தால் நல்லது. தோன்றினால் எழுதுங்கள்.

மைதானத்துக்கு வருவேன். தேட வேண்டாம், உங்கள் கண்ணில் படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 13, வெள்ளி

என் தங்கமே,

மைதானத்துக்கு வருகிறாயா! பல் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் யாரோ ஒருவர் வாயில் கையை விட்டுக்கொண்டிருந்தார், அந்த மனிதரே எனக்குக் கை கொடுத்தார். பந்து கிடைத்தால் என் பக்கம் தள்ளுங்கள் என்று அணி முழுக்கச் சொல்லிவிட்டேன். அவசரக்காரன் மட்டும் முடியாது என்றான். அவன் ஓட ஆரம்பித்தால் பந்தையே மறந்துவிடுகிற ஆள்தானே, விடு.

பிரெட் விஷயம் எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். நீ எழுதியதை வாசித்ததும் என் குரல் என் காதிலேயே கேட்டது. தப்புதான்.

முப்பத்தொன்றாம் தேதிக்கே டிக்கெட் போட்டுவிடு. ஜன்னலோரம் கேள். வீட்டில் திரைச்சீலை துவைத்தாயிற்று. மைதானத்தில் எந்தப் பக்கம் உட்காருவாய் என்று எழுது, அந்தப் பக்கமாகவே விழுந்து எழுகிறேன்.

உன்,
மூன்றாம் எண் ஆட்டக்காரன்


மார்ச் 21, சனி, காலை
(தலைவர் பல் டாக்டர் கையில் கொடுத்தனுப்புவது)

அன்புள்ளவருக்கு,

நான் எந்தப் பக்கமும் உட்காரப்போவதில்லை. இன்றைய ஆட்டத்துக்கு நடுவர் நான்தான்.

உட்கார்ந்து படியுங்கள். பூட்ஸ் கயிறு பிறகு கட்டலாம்.

இங்கே வந்த முதல் மாதம் சனிக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அறைக்குப் பின்னால் ஒரு மைதானம். ஒருநாள் நடுவர் வரவில்லை, முப்பது தடியர்கள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருஷம் கோட்டோரம் உட்கார்ந்தவளுக்கு யார் தப்பு என்று தெரியாதா? போய்ச் சொன்னேன். விசிலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, ஏழு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஓடுகிறேன். எழுதினால் சிரிப்பீர்கள் என்று எழுதவில்லை.

இரண்டு விஷயம். ரக்பியில் நடுவரிடம் தலைவர் மட்டும்தான் பேசலாம். உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். இன்று அது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது. அடுத்து, நீங்கள் என் கணவர் என்று இங்கே யாருக்கும் தெரியாது. எண்பது நிமிஷம் தெரியாமலே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் நீங்கள் இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. டிக்கெட், ஜன்னல், திரைச்சீலை எல்லாம் எழுதினீர்கள், மூன்று வருஷம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகை வந்தது. இதையும் சொல்லிவிட்டுத்தான் விசில் ஊதப்போகிறேன்.

நடுவர்


மார்ச் 22, ஞாயிறு, பஸ்ஸில்

அன்புள்ள உனக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பஸ்தான் காரணம். பக்கத்தில் அவசரக்காரன் வாயைப் பிளந்து தூங்குகிறான். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "மேல ரெண்டு சொத்தை" என்கிறார். சுற்றுலாவிலும் மனிதருக்குத் தொழில் விடாது.

நேற்று நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே.

ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். எட்டுப் பேரோடு எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளும்போது நான் சரிந்தேன், நீ விசில் ஊதினாய். வாய் தானாக, "ஏம்மா, நான் எங்க விழுந்தேன்? அவன்ல இழுத்தான்!" என்றது. மைதானமே உறைந்துபோனது. எங்களை நீ பத்து மீட்டர் பின்னால் தள்ளினாய். அணியில் பதினான்கு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

நேராகப் பேச முடியாதே என்று பல் டாக்டரைப் பிடித்தேன். "டாக்டர், முப்பத்தொண்ணாம் தேதி வர்றாளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க." பாவம், போனார். நீ என்ன சொன்னாய்? "தலைவரே, ஆட்டத்தைப் பத்தி மட்டும் கேளுங்க." திரும்பி வந்து, "ஆட்டத்தைப் பத்தி மட்டுமாம்" என்றார். "சரி, பிரெட்டுக்கு மன்னிப்புன்னு சொல்லுங்க" என்றேன். "யோவ், நான் தலைவனா, தபால்காரனா?" என்று கத்தினார். ஆனாலும் போனார். நல்ல மனுஷன்.

மூன்றாம் தடவை அவர் மறுத்துவிட்டார். நானே வந்தேன். "இங்க பாரு" என்றேன், அவ்வளவுதான். மஞ்சள் அட்டை.

பத்து நிமிஷம் வெளியே. கோட்டோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கீழே தண்ணீர் பாட்டில்கள். உட்கார்ந்தேன். முதல் இரண்டு நிமிஷம் உன்னை மனசுக்குள் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் ஆடுகிற ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. தாகம் எடுத்தால் மட்டும் ஓடி வருகிறான், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். எனக்குப் பத்து நிமிஷம். உனக்குப் பதினொரு வருஷம். வெட்கமாக இருந்தது எனக்கு.

அங்கிருந்துதான் நீ ஓடுவதையும் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. கையைத் தூக்கினாய், இருபத்தொன்பது பேர் நின்றார்கள். நானாக இருந்தால் விசிலோடு சேர்த்து ஒரு பிரசங்கமும் வைத்திருப்பேன்.

ஐம்பத்திரண்டுக்கு ஐந்து என்று தோற்றோம். அந்த ஐந்தும் அவசரக்காரன் வாங்கியது. ஒரே ஒரு தடவை பந்து ஞாபகம் இருந்திருக்கிறது.

டீக்கடையில் நான் வாயே திறக்கவில்லை. "தூங்கிட்டீங்களா?" என்று நீயே இரண்டு தடவை கேட்டாய். தூங்கவில்லை. உன் மைக்ராஸ்கோப் ஜன்னலோரம் இருக்கிறது. புதிதாக வந்த பெண்கள் இரண்டு பேர் சந்தேகம் என்றால் உன்னிடம்தான் வருகிறார்கள். வேலைக்கு நடந்தே போகிறாய். கூட்டத்தில் நீ பேசினால் மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். எல்லாம் கேட்டேன்.

இரண்டாம் பக்கத்தை நேற்று ராத்திரியே எடுத்து வாசித்தேன். நாலு தடவை. என்ன தோன்றுகிறது என்று கேட்டாய். உன்னைக் கூட்டிப்போக வந்தவன் வெறுங்கையோடு திரும்புகிறேன். இதுதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாய். கையெழுத்துப் போடு.

ஃப்ரிட்ஜ் எந்த ஊரிலும் கெட்டுப்போகும். நீ வா என்றால் நான் வருவேன். சொல்லாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். இந்தத் தடவை பல் டாக்டரையும் அனுப்ப மாட்டேன்.

உன்


மார்ச் 28, சனி

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. முதலில் வேலையிடத்துக்குத் திரும்பிப் போய் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்து நேராக நடுவர் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

மஞ்சள் அட்டை காட்டினால் அறிக்கை எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே தந்திருந்தேன். அதில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: அந்த ஆட்டக்காரர் நடுவருக்கு உறவா? உறவென்றால் என்ன முறை? அதை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தேன். ஒளிக்க வேண்டும் என்றில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், என்ன எழுதுவதென்று நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

நேற்று அந்தத் தாளைத் திரும்ப வாங்கி "கணவர்" என்று எழுதினேன். செயலாளர் குதித்தார். "இதை ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்ல வேண்டாமா நீங்க?" "முன்னாடி உறுதியா தெரியலீங்க" என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமையும் நான் விசில் எடுக்கக் கூடாதாம். இந்த ஊர் அணியில் நீங்கள் சேர்ந்தால் உங்கள் ஆட்டத்துக்கு என்றைக்குமே நான் நடுவராக முடியாதாம். தாராளமாக ஒத்துக்கொண்டேன்.

கடிதம் போதும். கிளம்பி வாருங்கள். அந்த இரண்டு சனிக்கிழமையும் நான் சும்மாதான் இருப்பேன். ஒரு வருஷமாக நீங்களும் தனியாகத்தானே இருந்தீர்கள், எப்படி இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. நீங்கள் பேசுங்கள். நான் கேட்கிறேன்.

உங்கள்
மனைவி