வெளிநடப்பும் பால்குடமும்

இன்று காலை நம் தீவின் ஹேடோ முருகன் கோயில் சங்கக் கூட்டத்தில் உமது பித்தளை மணியை அடித்தார்கள். என் வாயை அடைப்பதற்கென்றே, சங்கத் தலைவராயிருந்த நீர் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து தருவித்த மணி. நீர் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகியும், அந்தச் சத்தம் கேட்டதும் என் நாக்கு சண்டைக்குத் தயாராகிவிட்டது.

மரபின் மாமன்னரே, நாம் இருவரும் ஒரே கப்பலில்தான் இந்தத் தீவுக்கு வந்தோம். அப்போது நீர் எடுத்த வாந்தியில் வங்கக் கடல் இரண்டு அங்குலம் உயர்ந்தது. உமது தலையைப் பிடித்துக்கொண்டவர் மலையாளி. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தவர் வங்காளி. யார் என்ன ஆள் என்று நீர் விசாரிக்கவில்லை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மெயின்லேண்ட் கட்சி ஒன்றின் துண்டு தோளில் விழுந்ததுதான் தாமதம், ஐயாயிரம் வருடப் பண்பாட்டுக்கு நீரே காவல் தெய்வமாகிவிட்டீர்.

என் அக்காள் மகள் செல்வி, இங்குள்ள லாங் ஐலண்ட் வங்காளி ஒருவரைக் கட்டிக்கொண்ட வருடம் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தீர்: வேறு சமூகத்தில் மணம் முடித்தவர்கள் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கக் கூடாது. பத்து வயதிலிருந்து குடம் எடுத்தவள் அவள்.

"யோவ், முருகன் வள்ளியக் கட்டும்போது சாதிச் சான்றிதழா பாத்தாரு?" என்றேன்.

"சாமிக்குச் சங்க விதி கெடையாது. ஒனக்கு உண்டு. பைட்டோ," என்று மணியை அடித்தீர்.

நான் உட்காரவில்லை. தனிமனித உரிமை பற்றி நான் முழங்கிய முழக்கத்தில் எரிமலைகள் வெட்கப்பட்டு அணைந்திருக்கும். பிறகு, சட்டமன்றத்தில் செய்வதுபோல் துண்டை உதறிக்கொண்டு வெளிநடப்பு செய்தேன். என் கட்சிக்காரர் மூவர் பின்னாலேயே வந்தார்கள். சுதந்திரத்தின் பேரால் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். உள்ளே உமது தீர்மானம் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

டீக்கடைக்கே வந்து சொன்னீரே: "அரே பாய், சுதந்திரம் பேசுறவன் எந்திரிச்சுப் போயிருவான். நம்மாளு உக்காந்தே இருப்பான். வெளிய போனவன் கைய எவன்யா எண்ணுவான்?"

ஐந்து பங்குனி, செல்வி புருஷனோடு எதிர்ச்சாரியில் நின்று ஊர்வலம் பார்த்தாள். ஒருமுறை மட்டும் சொன்னாள்: "டீய அப்பறமாக் குடிச்சிருக்கலாம் மாமா."

இன்று அந்த விதியை நீக்கும் தீர்மானம். உமது சீடர் எழுந்து, "அமரர் கொண்டாந்த விதியக் கல்லுல வெட்டி வைக்கணும். கண்டவனயும் கட்டிக்கிட்டு வர்றவளுக்கு இங்க என்ன வேல?" என்றார். என் முழங்கால்கள் தாமாக எழும்பின. துண்டு கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் உமது மூக்கால் பேசும் குரல் கேட்டது. வெளிய போனவன் கைய எவன்யா எண்ணுவான்?

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். சர்க்கரை நோயாளி நான். இரண்டரை மணி நேரம் ஒன்றுக்குப் போகக்கூட எழவில்லை. உலக வரலாற்றில் இதற்கு நிகரான தியாகம் எனக்குத் தெரிந்து இல்லை. கடைசியில் கையைத் தூக்கினேன். உமது விதி ஒரு வாக்கில் விழுந்தது.

செல்விக்குப் போன் செய்தேன். "நெசமா உக்காந்தே இருந்தீங்களா மாமா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

உம்மை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மேலே வந்ததும் முதல் வேலை உம்மோடு சண்டைதான். ஆனால் உம்மிடமிருந்து கற்ற அந்த உட்காருதலை நான் திருப்பித் தரப்போவதில்லை. பங்குனியில் அவள் உமது வீட்டு வாசல் வழியாகத்தான் குடத்தோடு வருவாள். பின்னாலேயே நானும் வருவேன், டீக்கடைப் பக்கம் திரும்பாமல்.